கருவிழிக்குள் வளையம்: எவ்வளவு தெரியும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

வாசகர் கேள்விகள் – கண் மருத்துவர்களின் பதில்கள்

கருவிழி மெலிந்து, கூம்புபோல முன்னுக்குப் பிதுங்கும் நோய் கெரட்டோகோனஸ். அதற்காகக் கருவிழிக்குள் வளையத் துண்டுகளைப் பதிக்கும் அறுவை குறித்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: "வைத்தால் எவ்வளவு தெரியும்?" இந்த முறை அதை மட்டுமே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. வலது கண்ணில் வளையம் வைக்கலாம் என்கிறார்கள். வைத்த பிறகு கண்ணாடி இல்லாமல் படிப்பானா?

அந்த எதிர்பார்ப்போடு அறுவை அரங்குக்குள் போக வேண்டாம். வளையம் கண்ணாடியைக் கழற்றுவதற்காக வைப்பதல்ல. கண்ணாடி போட்டும் தெளியாத பார்வையைக் கண்ணாடிக்குக் கட்டுப்படும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. கண்ணாடியோடு 6/24 (நல்ல கண் 24 மீட்டரில் படிக்கும் எழுத்தை 6 மீட்டரில் படிப்பது) படித்தவர் 6/12 படிக்கலாம். கண்ணில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்த ஹார்டு காண்டாக்ட் லென்ஸ் ஒழுங்காக உட்காரலாம். கருவிழி மாற்று அறுவையைத் தள்ளிப்போடலாம், சிலருக்கு அது தேவைப்படாமலே போகலாம். வெறுங்கண்ணால் தெரிவதும் ஓரளவு கூடும். அதை உபரி வரவாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவை நடப்பது இப்படி. கருவிழியின் தடிமனுக்குள், ஃபெம்டோசெகண்ட் லேசராலோ கைக்கருவியாலோ வட்டமாக ஒரு குகைப்பாதை போடுகிறார்கள். பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக்கால் ஆன வில் வடிவத் துண்டுகள் அதற்குள் செருகப்படுகின்றன. ஓரத்தில் பொருளைச் சேர்த்தால் நடு எப்படித் தட்டையாகும்? இழுத்துக் கட்டிய பந்தல் துணியின் ஓரத்தில், துணிக்கு அடியில் ஒரு கழியைச் செருகிப் பாருங்கள். துணி கழியைச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் நீளம் போதாமல் நடுத்தொய்வு இறுகும். கருவிழியின் நார் அடுக்குகளிலும் நடப்பது அதுதான்.

இதிலிருந்து சில விதிகள் கிடைக்கின்றன. துண்டு தடிமனாக இருந்தால் தட்டையாவது கூடும். வளையத்தின் விட்டம் சிறியதாக, அதாவது நடுவுக்கு அருகே இருந்தாலும் கூடும். வில் நீளமாக இருந்தால் கருவிழி மொத்தமாகத் தட்டையாகும். குட்டையாக இருந்தால் சிலிண்டர் பவர், அதாவது ஒரு திசையில் மட்டும் வளைவு கூடியிருப்பதால் வரும் பவர், அதிகம் குறையும். இன்டாக்ஸ் வகைத் துண்டு 150 டிகிரி வில், உள்விட்டம் ஏறக்குறைய 6.8 மில்லிமீட்டர். 1999-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதைக் கிட்டப்பார்வைக்காக அனுமதித்தது. கெரட்டோகோனஸுக்கு அனுமதி கிடைத்தது 2004-இல். ஃபெராரா, கெராரிங் வகைகள் முக்கோணக் குறுக்குவெட்டு கொண்டவை, சுமார் 5 மில்லிமீட்டர் வட்டத்தில் உட்காருபவை. நடுவுக்கு நெருக்கம் என்பதால் விளைவும் வலுவாக இருக்கும்.

கேள்வி: பரிசோதனை அறிக்கையில் இருபது எண்கள் இருக்கின்றன. பலன் எப்படி இருக்கும் என்பதை எந்த எண் சொல்லும்?

முதலில் பார்க்க வேண்டிய எண், கருவிழியின் வளைவைக் காட்டும் அந்த வண்ண வரைபடத்தில் இருக்காது. கண்ணாடிப் பவரை முழுமையாகச் சரிபார்த்துப் போட்டுவிட்டு இன்று எத்தனை வரி படிக்கிறீர்கள் என்பதுதான் அது. ஹார்டு லென்ஸோடு படிப்பதை இதற்குக் கணக்கில் எடுக்கக் கூடாது. கண்ணாடியோடு குறைவாகப் படிப்பவருக்கே வளையத்தால் கூடுதல் ஆதாயம் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கும் முடிவு. ஏற்கனவே நன்றாகப் படிப்பவர் வரிகளை இழக்கும் வாய்ப்பும் உண்டு.

ஹார்டு லென்ஸோடு படிப்பது வேறொன்றைச் சொல்கிறது. லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே கண்ணீர் நிரம்பி மேடுபள்ளத்தை மறைத்துவிடுவதால், விழித்திரையும் மூளையும் சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு படிக்கும் என்பது தெரிந்துவிடும். அதுவே உச்சவரம்பு. ஹார்டு லென்ஸ் போட்டும் 6/18-ஐத் தாண்டாத கண்ணில் வளையத்திடம் 6/9 கேட்பது வீண். தழும்போ, சிறுவயதிலிருந்தே சோம்பிப்போன கண்ணோ, விழித்திரைக் கோளாறோ இருக்கிறதா என்று அங்கேயே தேட வேண்டும்.

அடுத்தது செங்குத்து, அதாவது வரைபடத்தில் கே-மேக்ஸ் என்று எழுதியிருக்கும் எண். சாதாரணக் கருவிழி 43, 44 டயாப்டர் (வளைவின் பவரைச் சொல்லும் அலகு) அளவில் இருக்கும். சராசரி வளைவு 50-களின் நடுப்பகுதியைத் தாண்டினால் பலன் சீரற்றுப்போகிறது. கூம்பின் உச்சி 60-ஐத் தாண்டினால், எண் பல டயாப்டர் இறங்கினாலும் பார்வை அதற்கு ஈடாக ஏறுவதில்லை. 65-இலிருந்து 60-க்கு வந்த கருவிழியும் மோசமான கருவிழிதானே.

மூன்றாவது தடிமன். நடுவில் 460 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) என்று போட்டிருப்பதைவிட, துண்டு உட்காரப்போகும் வட்டத்தில் எவ்வளவு என்பதே முக்கியம். அந்தப் பாதையில் குறைந்தது 400 மைக்ரானாவது வேண்டும்; 450 இருந்தால் நிம்மதி. துண்டின் தடிமன் அந்த இடத்துக் கருவிழித் தடிமனில் பாதியைத் தாண்டக் கூடாது. நோய் முற்றியவருக்குத் தடிமனான துண்டு தேவைப்படும், ஆனால் அவருடைய கருவிழிதான் மெலிந்திருக்கும். மருத்துவரின் கையைக் கட்டும் முரண் இதுதான்.

நான்காவது, பலரும் கவனிக்காதது: கோமா. மயக்கநிலையைச் சொல்லவில்லை. விளக்கொளிப் புள்ளி வால்நட்சத்திரம்போல ஒரு பக்கம் வால் விட்டுத் தெரியும் ஒளியியல் குறைக்கு அந்தப் பெயர். கெரட்டோகோனஸ் கண்ணில் எழுத்துக்கு நிழல் விழுவது பெருமளவு இதனால்தான்; இதைக் கண்ணாடி சரிசெய்யாது. கோமாவின் அச்சும் சிலிண்டரின் அச்சும் ஏறத்தாழ ஒத்துப்போனால், கீழே ஒரு துண்டு வைத்து இரண்டையும் ஒருசேரக் குறைக்கலாம். இரண்டும் 30 டிகிரிக்கு மேல் விலகி நின்றால், ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்றொன்றைக் கூட்டிவிடும் அபாயம் உண்டு. அத்தகைய கண்களுக்காகத்தான் ஒரு முனையில் 150, மறுமுனையில் 250 மைக்ரான் என்று தடிமன் மாறும் துண்டுகள் வந்தன. கூம்பின் வெவ்வேறு வடிவங்களுக்குக் குரோசான், வாத்து, பனிமனிதன் என்றெல்லாம் நிபுணர்கள் செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். அறிக்கையில் 'வாத்து' என்று கண்டால் பயப்பட வேண்டாம்.

கடைசியாக, நடுவில் வெண்தழும்பு இருந்தால் மற்ற எண்கள் எல்லாம் செல்லாது. வளையம் வடிவத்தை மாற்றும், தழும்பைத் துடைக்காது.

கேள்வி: என் தோழிக்குக் கூம்பு என்னைவிட முற்றியது. அவளுக்கு வளையம் வைத்தார்கள், சந்தோஷமாக இருக்கிறாள். நான் கண்ணாடியோடு 6/7.5 படிக்கிறேன். எனக்கு மட்டும் வேண்டாம் என்கிறார் மருத்துவர். ஏன்?

அவர் சொல்வது சரி. உங்களுக்கு மேலே ஏற ஒரு வரிதான் பாக்கி. கீழே இறங்கப் பல வரிகள் இருக்கின்றன. உங்கள் கருவிழியில் இப்போதிருக்கும் கோணல் மூளைக்குப் பழகிவிட்டது. வளையம் அந்தக் கோணலைக் கலைத்துப் புதிதாக ஒன்றைத் தரும். நோய் வளராமல் இருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரைபடம் எடுங்கள். வளர்ந்தால் உங்களுக்கான சிகிச்சை, கருவிழியை விறைக்கவைத்து நோயை நிறுத்தும் கிராஸ்லிங்கிங்.

கேள்வி: ஒரு மென்பொருளில் என் அளவுகளைப் போட்டு "மூன்று வரி கூடும்" என்று காட்டினார்கள். அதை எவ்வளவு நம்பலாம்?

அந்த மூன்று எப்படி வந்தது என்று பார்த்துவிட்டால், எவ்வளவு நம்பலாம் என்பது தானே விளங்கும்.

பழைய வழி அட்டவணை. செங்குத்தான அச்சால் வரைபடத்தை இரண்டாகப் பிரித்து, பிதுங்கிய சிவப்புப் பகுதி எந்தப் பக்கம் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பார்கள். முழுக்க ஒரு பக்கம் என்றால் ஒரே துண்டு. சரிபாதி என்றால் இரண்டு சமத் துண்டுகள். 25-க்கு 75, 33-க்கு 66 என்றால் தடிமன் வேறுபட்ட இரண்டு துண்டுகள். துண்டைத் தேர்ந்தெடுக்க அட்டவணை போதும். பார்வை எத்தனை வரி கூடும் என்று அது சொல்லாது.

புது வழி, ஏற்கனவே அறுவை செய்துகொண்டவர்களின் முன்-பின் அளவுகளைக் கொடுத்துக் கணினியைப் பழக்குவது. வளைவு எவ்வளவு இறங்கும் என்பதை இது ஓரளவு நன்றாகவே கணிக்கிறது. பார்வையைக் கணிப்பதில்தான் தடுமாறுகிறது. காரணம், இரண்டுக்கும் நடுவே ஒரு சங்கிலி இருக்கிறது. வளைவு மாறி, அதனால் பவரும் கோமாவும் மாறி, அதன்மேல் கண்ணீர்ப் படலமும் இருட்டில் விரியும் கண்பாவையின் அளவும் சேர்ந்து, கடைசியில் மூளை அந்தப் புதுப் படத்துக்குப் பழக வேண்டும். கண்ணிக்குக் கண்ணி பிழை கூடும். குகைப்பாதை எந்த ஆழத்தில் போகும் என்பது அறுவைக்கு முன் எந்த மென்பொருளுக்கும் தெரியாது.

ஆகவே "மூன்று வரி" என்ற ஒற்றை எண்ணை வாங்கிக்கொண்டு வராதீர்கள். வீச்சைக் கேளுங்கள். ஆய்வுகளில் பார்வையை லாக்மார் என்ற அளவில் எழுதுவார்கள்: 6/6 என்பது 0, 6/12 என்பது 0.3, 6/60 என்பது 1.0, ஒவ்வொரு 0.1-ம் ஐந்து எழுத்துள்ள ஒரு வரி. உதாரணத்துக்கு, அறுவைக்குப் பின் உங்கள் பார்வைக்கான கணிப்பு 0.3, அதன் வீச்சு கூட்டியும் குறைத்தும் 0.2 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் முடிவு 6/7.5-ஆகவும் இருக்கலாம், 6/19-ஆகவும் இருக்கலாம். முதலாவது கிடைத்தால் கொண்டாடுவீர்கள், இரண்டாவது கிடைத்தால் மருத்துவரைத் திட்டுவீர்கள். மென்பொருளைப் பொறுத்தவரை இரண்டுமே "சரியான கணிப்பு".

'வரி' என்ற சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய பலகையில் 6/60-இலிருந்து 6/24 வருவதும் இரண்டு வரி, 6/12-இலிருந்து 6/6 வருவதும் இரண்டு வரி. லாக்மாரில் முன்னது 0.4, பின்னது 0.3. எந்தப் பலகையில் எண்ணினார்கள் என்று கேட்பதில் தப்பில்லை.

இன்னும் மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள். கணினியைப் பழக்கிய கண்களிலேயே அதைச் சோதித்தார்களா, அது பார்க்காத புதுக் கண்களிலா? ஒருவரின் வலது கண் பயிற்சியிலும் இடது கண் சோதனையிலும் இருந்தால் அது பார்க்காத கண் ஆகாது, இரண்டும் உடன்பிறந்தவை. வளையத்தைக் கழற்ற நேர்ந்தவர்களைக் கணக்கில் வைத்தார்களா, விட்டுவிட்டார்களா? விட்டிருந்தால் மீதி எல்லாரும் நன்றாகத்தான் தெரிவார்கள். பழக்கிய கண்களில் எந்த வளையம்? இன்டாக்ஸில் பழகிய கணக்கு 5 மில்லிமீட்டர் வட்டத்து வளையத்துக்குப் பொருந்தாது.

"குறைவாகத் தெரிபவருக்கே அதிக ஆதாயம்" என்று மேலே சொன்னோம். அதையும் கொஞ்சம் சந்தேகத்தோடே எடுத்துக்கொள்ளுங்கள். கெரட்டோகோனஸ் கண்ணில் பார்வை நாளுக்கு நாள் மாறும். மிக மோசமான ஒரு நாளில் அளந்த கண், எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை கொஞ்சம் கூடுதலாகப் படிக்கும். அந்தக் கூடுதலும் வளையத்தின் கணக்கில் ஏறிவிடுகிறது. அதனால் அறுவைக்கு முந்தைய பார்வையை ஒரே நாளில் அளந்து முடிவெடுக்காமல், இரண்டு வெவ்வேறு நாட்களில் அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அளவெடுக்கும் முன் லென்ஸை எத்தனை நாள் கழற்றி வைக்க வேண்டும்?

சாஃப்ட் லென்ஸ் என்றால் ஒன்றிலிருந்து இரண்டு வாரம், ஹார்டு லென்ஸ் என்றால் மூன்று, நான்கு வாரம். லென்ஸ் கருவிழியை அமுக்கி வைத்திருக்கும். நேற்று வரை போட்டிருந்துவிட்டு இன்று அளந்தால் கூம்பு உண்மையைவிடத் தட்டையாகக் காட்டும், துண்டின் தேர்வே தவறிவிடும். ஒரே அமர்வில் மூன்று முறையாவது வரைபடம் எடுக்கட்டும். முற்றிய கூம்பில் ஒரே கருவி அடுத்தடுத்து எடுக்கும் படங்களே ஒரு டயாப்டருக்கு மேல் வேறுபடலாம். வறண்ட கண் என்றால் சொட்டு மருந்தால் அதைச் சரிசெய்த பிறகே அளவு. கண்ணாடிப் பவரை இயந்திரம் காட்டும் எண்ணை வைத்து எழுதிவிடாமல், லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். அரைமணி நேரம் ஆனாலும் அலுத்துக்கொள்ளாதீர்கள். கணிப்பு முழுவதும் அந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது.

கேள்வி: எல்லா அளவும் பொருந்தியும் சிலருக்குப் பலன் வருவதில்லையே, எங்கே தவறுகிறது?

பெரும்பாலும் ஆழத்தில். துண்டு கருவிழித் தடிமனில் 70-இலிருந்து 80 சதவீத ஆழத்தில் உட்கார வேண்டும். 500 மைக்ரான் தடிமனுள்ள இடத்தில் அது 350-இலிருந்து 400 மைக்ரான். மேலோட்டமாகப் போனால் பலன் குறையும். மேலேயுள்ள மெல்லிய திசுவுக்கு ஊட்டம் போகாமல் அது கரைந்து, துண்டு வெளியே எட்டிப் பார்க்கும். அளவுக்கு மீறி ஆழமாகப் போனால் கருவிழியின் பின்புறம் கிழிந்துவிடக்கூடும். திட்டமிட்ட ஆழமும் கிடைத்த ஆழமும் ஒன்றா என்பதை அறுவைக்குப் பின் கருவிழியின் குறுக்குவெட்டைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன் காட்டிவிடும். பலன் வராதவர்கள் முதலில் அந்தப் படத்தைக் கேளுங்கள். லேசரில் இந்த ஆழம் சீராக வரும். கைக்கருவியில் அறுவை செய்பவரின் கையைப் பொறுத்தது. ஆனாலும் தேர்ந்த கைகளில் பார்வைப் பலன் இரண்டிலும் பெரிதாக வேறுபடுவதில்லை.

அடுத்த தவறு மையம். லேசர் கருவி கண்ணை அமுக்கிப் பிடிக்கும்போது பாவை கொஞ்சம் நகர்ந்துவிடும். அதைத் திருத்தாமல் வட்டம் போட்டால் வளையம் ஒதுங்கிவிடும், இருந்த கோமாவோடு இன்னொரு கோமா சேரும். படுத்தவுடன் கண் சில டிகிரி சுழல்வதும் உண்டு. அதனால்தான் உட்கார்ந்த நிலையிலேயே கருவிழியில் மையால் குறியிடுகிறார்கள்.

கேள்வி: வளையம் வைத்து மூன்று வாரமாகிறது. பகலில் பரவாயில்லை, இரவில் விளக்குகளைச் சுற்றி வட்டம். பலன் இவ்வளவுதானா?

தீர்ப்பு சொல்ல நாளாகவில்லை. முதல் வாரத்திலேயே மாற்றம் தெரிந்தாலும் கருவிழி அடங்கி நிற்க மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஆறு. புதுக் கண்ணாடியை மூன்றாம் மாதத்துக்கு முன் செய்துகொண்டால் மறுபடியும் மாற்ற வேண்டிவரும்.

இரவு வட்டத்துக்குக் காரணம் எளிது. வளையத்தின் உள்விளிம்பு 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நிற்கிறது என்றால், இருட்டில் 6 மில்லிமீட்டர் விரியும் பாவைக்குள் அந்த விளிம்பு வந்துவிடும். மூளை பழகப் பழகக் குறையும், ஆனால் எல்லாருக்கும் முழுதாக மறைவதில்லை. இருட்டில் பாவை எவ்வளவு விரிகிறது என்பதை அறுவைக்கு முன்பே அளந்திருக்க வேண்டும். இரவில் வண்டி ஓட்டுபவருக்கு இது பெரிய விஷயம். துண்டின் ஓரமாக வெண்மையாகப் படியும் துகள்கள் வேறு. அவை பெரும்பாலும் பார்வையைத் தொடுவதில்லை. ஆனால் வலி, சிவப்பு, கூச்சம், கண்ணில் எதோ உறுத்துவதுபோன்ற உணர்வு இருந்தால் அன்றைக்கே போங்கள். தொற்றாகவோ, துண்டு மேலே நகர்வதாகவோ இருக்கலாம்.

ஆறு மாதம் கழிந்தும் பலன் போதவில்லை என்றால் துண்டை மாற்றலாம், இரண்டில் ஒன்றை எடுக்கலாம், முழுதாகவும் கழற்றலாம். கழற்றினால் கருவிழி ஏறத்தாழ பழைய வடிவத்துக்குத் திரும்பும். குகைப்பாதை இருந்த இடத்தில் மங்கலான கோடு ஒன்று நிற்கும்.

கேள்வி: மகளுக்கு 17 வயது. வளையம் வைத்தால் நோய் நின்றுவிடுமா?

நிற்காது. வளையம் வடிவத்தைத் திருத்துகிறது, நோயைப் பிடித்து நிறுத்துவதில்லை. இளவயதில் நோய் வேகமாக வளரும். வளையம் தந்த பலனைச் சில ஆண்டுகளில் அதுவே தின்றுவிடும். இந்த வயதில் ஓராண்டுக்குப் பிந்தைய பார்வையைக் கணித்துச் சொல்வதில் பொருளில்லை. ஐந்தாண்டுக்குப் பிறகு என்ன என்பதே கேள்வி.

நோயைக் கட்டிப்போடுவது கிராஸ்லிங்கிங். ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமின் பி2 சொட்டு மருந்தைக் கருவிழியில் ஊறவைத்து, 365 நானோமீட்டர் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுவார்கள். ஆரம்பகால முறையில் சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிவாட் வீதம் 30 நிமிடம். இப்போது வேகமான முறைகளும் உண்டு. வளையமும் வேண்டும் என்றால், முதலில் வளையம், பிறகு கிராஸ்லிங்கிங், அல்லது இரண்டும் ஒரே அமர்வில் என்பதே பலரும் விரும்பும் வரிசை. விறைத்த கருவிழி வளையத்துக்கு வளைந்து கொடுப்பது குறைவு. ஆனால் நோய் கண்ணெதிரே வளர்கிறது என்றால் வரிசையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் முதலில் அதை நிறுத்துங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக்குக்குப் பதிலாகத் தானமாகக் கிடைத்த கருவிழித் திசுவையே வளையமாக வைக்கிறார்களாமே?

ஆம், அதைக் கெய்ர்ஸ் என்பார்கள். தானக் கருவிழியிலிருந்து வெட்டிய துண்டை அதே மாதிரிக் குகைப்பாதைக்குள் இழுத்து வைக்கும் முறை. டாக்டர் சூசன் ஜேக்கப் குழுவினர் 2018-இல் இதை வெளியிட்டார்கள். திசுவோடு திசு என்பதால் துண்டு அரித்துக்கொண்டு வெளியே வரும் அபாயம் குறைவு, மெலிந்த கருவிழியிலும் கொஞ்சம் துணிந்து வைக்கலாம். கணிப்பைப் பொறுத்தவரை இது இன்னும் இளைய முறை. பிளாஸ்டிக் துண்டு 250 மைக்ரான் என்றால் எல்லாக் கண்ணிலும் 250-தான். திசு நீரை உறிஞ்சி உப்பும், பிறகு வற்றும். பிளாஸ்டிக்குக்குப் போட்ட அட்டவணையை அப்படியே இதற்கு எடுத்து வைக்க முடியாது.

கேள்வி: வளையம் வைத்த பிறகு கண்ணைக் கசக்கலாமா?

கூடாது. வைக்காவிட்டாலும் கூடாது. அரிப்பு இருந்தால் ஒவ்வாமைக்கான சொட்டு மருந்தை அறுவைக்கு முன்பே தொடங்குங்கள். அந்தக் கண் தலையணையில் அழுந்தும்படி குப்புறப் படுப்பதையும் விட்டுவிடுங்கள்.